முதலில் பேசும் கதிரை

லண்டனில் ஒரு புதன்கிழமை இரவு, மணி பதினொன்றரை. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு பிளைண்ட் வைத்த பாட்-லிமிட் ஓமஹா மேசை. எனக்கு பிக் பிளைண்ட். கையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 10, கிளாவர் 3. பட்டனில் இருந்தவர் 7 பவுண்டுக்கு ஏற்றினார். ஸ்மால் பிளைண்ட் சீட்டை வீசிவிட்டார். ஏற்கெனவே 2 போட்டாயிற்று, இன்னும் 5தானே என்று நான் கால் செய்தேன். நடுவில் 15 பவுண்டு. எங்கள் இருவரிடமும் மீதி 193.

ஃப்ளாப்பில் இஸ்பேடு 9, டைமன் 8, இஸ்பேடு 7. என் ஜாக்கியும் 10-ம் சேர்ந்தால் 7 முதல் ஜாக்கி வரை ஸ்ட்ரெய்ட். அந்த நிமிடத்தில் அதைவிடப் பெரிய கை உலகத்தில் கிடையாது. 15 வைத்தேன். அவர் 60 என்றார். இருந்த அத்தனை சிப்ஸையும் தள்ளினேன். அவர் மூச்சுவிடும் நேரம்கூட எடுக்காமல் கால் செய்து சீட்டைத் திருப்பினார்: இஸ்பேடு ஏஸ், டைமன் ஜாக்கி, ஆட்டின் 10, இஸ்பேடு 4. என்னிடம் இருந்த அதே ஸ்ட்ரெய்ட். அதற்கு மேல் ஏஸ் தலைமையில் ஃப்ளஷுக்கு ஒரு வாய்ப்பு. டர்னில் கிளாவர் 2. ரிவரில் இஸ்பேடு 5.

வெளியே குளிரில் போய் நின்றேன். அந்த மேசையில் வழக்கமாக ஆடும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் அங்கே புகைத்துக்கொண்டிருந்தார். இரவு டாக்சி ஓட்டுபவர், என்னைவிடப் பதினைந்து வருடம் கூடுதலாக இந்த ஆட்டத்தைப் பார்த்தவர். "கடைசிச் சீட்டைப் பாத்தீங்களா அண்ணை…" என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"கடைசிச் சீட்டை விடும் தம்பி. நீர் கையில இருக்கிற சீட்டைப் பாத்துக் காசு வைக்கிறீர். எந்தக் கதிரையில இருக்கிறீர் எண்டு பாக்கிறேல்லை."

அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். எங்கள் கைகளில் 8 சீட்டு, மேசையில் 3. மீதி 41. அதில் இஸ்பேடு 9. அடுத்த இரண்டு சீட்டிலும் இஸ்பேடு வராமலிருக்க 41-க்கு 32, பிறகு 40-க்கு 31. பெருக்கினால் 100-க்கு 60 சொச்சம். அதாவது 100 தடவையில் 40 தடவை மொத்தப் பணமும் அவருக்கு, 60 தடவை ஆளுக்குப் பாதி. நான் முழுதாக அள்ளும் வழி ஏறக்குறைய இல்லவே இல்லை. 193 போட்டால் சராசரியாக 121 திரும்பி வரும். ஆகப்பெரிய கையை வைத்துக்கொண்டு 72 பவுண்டு நஷ்டத்துக்கு வியாபாரம் பண்ணியிருக்கிறேன். அந்த இஸ்பேடு 5 வராமல் போயிருந்தாலும் அது நஷ்ட வியாபாரம்தான், தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைப் பொழுதுபோக்காக அல்லாமல் வருமானமாக ஆடுகிறவர்களுக்கும், அப்படி ஆடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. மோசமான கையில் யாரும் பெரிதாக இழப்பதில்லை. கழுத்தை அறுப்பது நல்ல கை, அதிலும் எளிதில் உடைகிற நல்ல கை, அதிலும் முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

ரம்மி தெரிந்தவர்களுக்கு

விதி சுருக்கமாக. ஆளுக்கு 4 சீட்டு, மேசையில் பொதுவாக 5: ஃப்ளாப்பில் மூன்று, டர்னில் ஒன்று, ரிவரில் ஒன்று. கையிலிருந்து சரியாக 2, மேசையிலிருந்து சரியாக 3 எடுத்து ஐந்து சீட்டுக் கை கட்ட வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் டர்னர் என்ற ஆட்டக்காரர் இதை லாஸ் வேகாஸின் கோல்டன் நகெட் சூதாட்ட விடுதியில் சீட்டு அறையை நடத்திய பில் பாய்டிடம் கொண்டுபோனார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. இரண்டு சீட்டு ஹோல்டெம்மில் ஒரு கையில் ஒரே ஜோடி. இங்கே நாலு சீட்டில் ஆறு ஜோடி. எதிரே நாலு பேர் இருந்தால் 24 ஜோடிகளை எதிர்த்து ஆடுகிறீர்கள். ஹோல்டெம்மில் பெரிய கையாகத் தெரிவது இங்கே சாதாரணக் கையாகிவிடுவது அதனால்தான்.

பட்டனுக்கு உரியவர் ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் கடைசியாகப் பேசுவார். பிளைண்டில் இருப்பவர்கள் மூன்றிலும் முதலில் பேச வேண்டும். பட்டன்காரர் நீங்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார். நீங்கள் இருட்டில் கைவிட்டுத் தேடுவீர்கள். அதுவும் ஒரு கைக்கு மூன்று தடவை.

13 சீட்டு ரம்மி ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. முதல் டிராப்புக்கு 20, நடு டிராப்புக்கு 40, முழுக்கை கொடுத்தால் 80. கை சரியில்லை என்று தெரிந்தும் ஒரு சுற்று பார்ப்போமே என்று உட்கார்ந்து 80 கொடுத்த இரவுகள் எல்லோருக்கும் உண்டு. என் ராஜா, ஜாக்கி, 10, 3 அப்படி ஒரு கை. '3' எந்த ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஒட்டாத சீட்டு, கிளாவர் 10-ஓடு சேர்ந்தாலும் கிடைப்பது சின்ன ஃப்ளஷ்தான். ஓமஹாவில் நாலில் ஒன்று ஒட்டவில்லை என்றால் ஆறு ஜோடியில் மூன்று வீண். பட்டனில் உட்கார்ந்திருந்தால் சில சமயம் ஆடலாம். பிக் பிளைண்டில் '5தானே' என்று ஆடியது முதல் தப்பு.

மூன்று தடவையை இரண்டாக்குவது

பாட்-லிமிட் என்றால் அதிகபட்சம் நடுவில் இருக்கும் பணத்தின் அளவுக்குத்தான் வைக்க முடியும். ஏற்றுவதற்கான குறுக்குவழி: எதிராளி வைத்ததை மூன்றால் பெருக்கி, உங்களுடையதை விட்டு மற்றபடி நடுவில் கிடந்ததைக் கூட்டுங்கள். நடுவில் 15 இருக்க அவர் 15 வைத்தால், மும்மடங்கு 45, கூட 15, ஆக 60. டீலர்கள் இதை மனசுக்குள் போட்டுவிடுவார்கள். நீங்களும் பழக வேண்டும், ஏனென்றால் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பே இந்தப் பெருக்கல்தான்.

அதே புதன்கிழமை மேசையை எடுத்துக்கொள்வோம். இருவரிடமும் 200 பவுண்டு. பட்டன் 7-க்கு ஏற்ற, நீங்கள் பிளைண்டிலிருந்து கால் மட்டும் செய்தால் நடுவில் 15, மீதி 193. முழு பாட் வைத்துக்கொண்டே போனால் ஃப்ளாப்பில் 15, டர்னில் 45, ரிவரில் 135. மொத்தம் 195. ஆக உங்கள் பணம் முழுதாக உள்ளே போக மூன்று சுற்றும் தேவை. மூன்று தடவை நீங்கள் முதலில் பேச வேண்டும்.

இப்போது கால் செய்யாமல் முழு அளவுக்கு ஏற்றுங்கள். 22. அவர் கால் செய்தால் நடுவில் 45, மீதி 178. ஃப்ளாப்பில் 45, டர்னில் மீதி 133. முடிந்தது. ரிவரில் பேசுவதற்குப் பணமே இல்லை. ஒரு சுற்றையே ஆட்டத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

இன்னொரு வழி செக்-ரெய்ஸ். கால் மட்டும் செய்து ஃப்ளாப் பார்க்கிறீர்கள். செக் சொல்கிறீர்கள். அவர் 15 வைக்க, நீங்கள் 60-க்கு ஏற்றுகிறீர்கள். அவர் கால் செய்தால் நடுவில் 135, உங்களிடம் 133. டர்னில் ஒரே தள்ளு. இங்கேயும் ரிவர் காணாமல் போகிறது.

இடம் மோசமாக இருக்கும்போது சாமர்த்தியத்தால் சமாளிக்கலாம் என்று நினைப்பது இளம் ஆட்டக்காரர்களின் வியாதி. எனக்கும் இருந்தது. சாமர்த்தியத்துக்கு வேலை கொடுக்கும் தடவைகளையே குறைத்துவிட வேண்டும் என்பது அண்ணையிடம் கற்ற தொழில். எந்தக் கையில் குறைப்பது, எந்தக் கையில் பாட்டையே வளரவிடாமல் பிடித்துக்கொள்வது என்பதுதான் மிச்சப் படிப்பு.

காப்பீடு உள்ள கை, இல்லாத கை

உடையக்கூடிய பெரிய கைகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். உடைந்தாலும் மறுபடி எழ வழி இருக்கும் கை ஒன்று. உடைந்தால் அவ்வளவுதான் என்ற கை இன்னொன்று.

முதல் வகைக்கு செட். கையில் ஆட்டின் ஜாக்கி, கிளாவர் ஜாக்கி, கூட ஆட்டின் ராஜா, ஆட்டின் 6. ஃப்ளாப் இஸ்பேடு ஜாக்கி, இஸ்பேடு 10, டைமன் 4. மூன்று ஜாக்கி, இப்போதைக்கு இதுதான் முதல் கை. ஆனால் டர்னில் என்னென்ன வந்தால் வயிறு கலங்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏஸ், ராஜா, ராணி, 9, 8, 7 எது வந்தாலும் எங்கோ ஒரு ஸ்ட்ரெய்ட் முழுமையாகலாம். உங்களிடம் ஒரு ராஜா இருப்பதால் அந்த வகையில் 23 சீட்டு. அவற்றில் சேராத இஸ்பேடுகள் 2, 3, 5, 6. மொத்தம் 27. கண்ணுக்குத் தெரியாத 45 சீட்டில் 27, அதாவது பத்துக்கு ஆறு. இதே கை, ஆனால் ஃப்ளாப் இஸ்பேடு ஜாக்கி, டைமன் 7, கிளாவர் 2 என்று வந்திருந்தால்? 10, 9, 8 மட்டும்தான் தொல்லை. 12 சீட்டு.

ஆனால் செட்டுக்கு ஒரு காப்பீடு உண்டு. மேசையில் ஏதாவது ஒன்று ஜோடியானால் ஃபுல் ஹவுஸ். டர்னில் 45-க்கு 7, தப்பினால் ரிவரில் 44-க்கு 10. இரண்டையும் சேர்த்தால் 100-க்கு 35 தடவை கிட்ட. எதிராளி ஏற்கெனவே ஸ்ட்ரெய்ட் வைத்திருந்தாலும் மூன்றில் ஒரு தடவை நீங்கள் எழுந்து வருவீர்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த 35 ஃப்ளாப்பில்தான் 35. டர்ன் வந்து மேசை ஜோடியாகாமல் போனால் 44-க்கு 10, அதாவது 23. முழு பாட் பெட்டை கால் செய்ய 33 வேண்டும், பாதி பாட்டுக்கு 25 வேண்டும். இரண்டுக்கும் போதவில்லை. காப்பீட்டுப் பத்திரம் ஒரே சீட்டில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழக்கிறது. ஆகவே ஈரமான, அதாவது ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் எளிதில் முழுமையாகக்கூடிய ஃப்ளாப்பில் செட் வைத்து முதலில் பேசும் இடத்தில் இருந்தால், பணம் போக வேண்டிய நேரம் ஃப்ளாப்தான். எதிராளி ஒருவரே, அவர்தான் ஏற்றியவர் என்றால் செக்-ரெய்ஸ் முழு அளவுக்கு. ஏற்கெனவே பெருத்த பாட் என்றால் நேரடியாக முழு பெட். வறண்ட ஃப்ளாப்பில் அவசரமே இல்லை, செக் சொல்லி அவரை வைக்கவிடலாம்.

ஆகக் கேவலமான ஆட்டம் எதுவென்றால், பயந்துகொண்டு கால்வாசி பாட் வைப்பது. மலிவு விலையில் எல்லோருக்கும் டர்ன் காட்டிவிட்டு, வந்த சீட்டைப் பார்த்து நாமே நடுங்குவது. மூன்று சுற்றும் அப்படியே இருக்கும், காப்பீடும் கரைந்திருக்கும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். வெறும் ஸ்ட்ரெய்ட். என் புதன்கிழமைக் கை. மேலே ஏற ஒரு படி இல்லை. தொழிலில் அந்தப் படியை ரீடிரா என்பார்கள். கையில் 3-க்குப் பதில் ஒரு ராணி இருந்திருந்தால், இன்னொரு 10 வரும்போது என் ஸ்ட்ரெய்ட் ஒரு படி உயர்ந்திருக்கும். இரண்டு இஸ்பேடு இருந்திருந்தால் கதையே வேறு.

9-8-7, அதில் இரண்டு இஸ்பேடு. அந்த மேசையில் நிதானமாக ஆடுகிறவர் 60-க்கு ஏற்றுகிறார் என்றால் அவரிடம் என்ன இருக்கும்? செட் மட்டும் இருந்தால் எனக்கு நல்லது, 100-க்கு 65 நான்தான். ஆனால் எங்கள் மேசையில் செட் வைத்திருப்பவர்கள் அந்த ஃப்ளாப்பில் ஏற்றமாட்டார்கள், ஜாக்கி-10-ஐப் பார்த்துப் பயந்து கால்தான் செய்வார்கள். ஏற்றுகிறவர் ஜாக்கி-10 வைத்து, கூடவே ஏதோ ஒன்று வைத்திருப்பவர். அவரிடம் நான் ஜெயிக்க ஒன்றுமில்லை, பங்குதான்.

செக் சொல்லியிருந்தால்? அவர் 15 வைத்திருப்பார், கால். டர்னில் கிளாவர் 2, மறுபடி செக், அவர் 45, கால். ரிவரில் இஸ்பேடு 5. செக், அவர் வைக்க, சீட்டை வீசிவிட்டு எழுந்திருக்கலாம். 193-க்குப் பதில் 60-தோடு போயிருக்கும். இஸ்பேடு வராத 60 தடவையிலோ பாதிப் பணம் எப்படியும் வந்திருக்கும். பெரிய கையை வைத்துக்கொண்டு செக், கால், செக், கால் என்று போவது ஆண்மைக் குறைவாகத் தோன்றும். தோன்றட்டும். மோன்கர்சால்வர் போன்ற கணினி நிரல்களை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிளைண்டில் இருப்பவர் ஏற்றியவரிடம் பெரும்பாலும் செக்தான் சொல்கிறார், அந்தச் செக்குக்குள் பெரிய கைகளும் ஒளிந்திருக்கின்றன.

அப்படியானால் 'எல்லாக் கையிலும் சுற்றைக் குறை' என்பது சரியில்லை. காப்பீடு இருந்தால் குறை. இல்லாவிட்டால் பாட்டைச் சிறிதாக வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகும் உரிமையைக் கையில் வைத்திரு.

இரண்டு ஏஸ்

கட்டுரையில் பாதியை இதற்கே ஒதுக்கலாம், ஏனென்றால் புதியவர்கள் பணம் கரைவது பாதி இங்கேதான். 40 கைக்கு ஒரு தடவை இரண்டு ஏஸ் வரும். ஹோல்டெம்மிலிருந்து வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஏஸ், ஏஸ், 7, 2, நாலும் நாலு சாதி. இதை நான் வெறும் ஏஸ் என்பேன். ஃப்ளாப்பில் மூன்றாவது ஏஸ் விழுவது 8-க்கு ஒரு தடவைதான். மற்ற ஏழு தடவை கையில் இருப்பது ஒரு ஜோடி, அதுவும் காப்பீடு இல்லாத ஜோடி. ஜாக்கி, 10, 9, 8 என்று சாதியும் சேர்ந்து கோர்த்து வைத்திருப்பவரிடம் இந்த ஏஸுகளுக்கு ஆரம்பத்திலேயே பெரிய முன்னிலை கிடையாது.

பிளைண்டில் இந்தக் கையை வைத்து 22-க்கு ஏற்றினால் என்ன ஆகிறது? மேசை முழுக்க உங்களிடம் ஏஸ் இருப்பது தெரிந்துவிடுகிறது. நடுவில் 45, மீதி 178. ஃப்ளாப் 9-8-6. இப்போது வைத்தால் பிடிபடுவீர்கள், செக் சொன்னால் அவர் வைப்பார். அவருக்கு உங்கள் கை தெரியும், உங்களுக்கு அவர் கை தெரியாது. இடமும் அவருடையது.

நான் பின்பற்றுவது இது. கையிருப்பு சிறிதாக இருந்தால், உதாரணமாக 80 பவுண்டு, தயங்காமல் 22. நடுவில் 45, மீதி 58. எந்த ஃப்ளாப் வந்தாலும் முழு பாட் வைத்துவிடலாம், அங்கே இனி இடத்துக்கு மதிப்பில்லை. 200 இருந்தால், ஏஸோடு அதே சாதியில் இன்னொரு சீட்டும், ஒட்டக்கூடிய இன்னொரு சீட்டும் இருந்தால் ஏற்றுவேன். வெறும் ஏஸ் என்றால் கால் செய்து, மூன்றாவது ஏஸையோ காய்ந்த ஃப்ளாப்பையோ பார்த்தால் மட்டும் நகர்வேன். 400 இருந்தால் ஏற்றிய பிறகும் மீதி 378, பாட்டைப்போல எட்டு மடங்கு. அப்போது வெறும் ஏஸை ஏற்றுவது அடுத்தவர் வீட்டு வாடகையை நாம் கட்டுவது மாதிரி.

கூட்டமாக ஃப்ளாப் பார்க்கும் மேசைகளில், அதாவது லண்டனின் பெரும்பாலான சின்ன மேசைகளில், செக்-ரெய்ஸை நம்பாதீர்கள். ஐந்து பேரில் யாரும் வைக்காமல் போனால் நாலு பேருக்கு இலவசமாக ஒரு சீட்டு. செட் இருந்தால் முதல் ஆளாகவே முழு பாட் வையுங்கள். வெறும் ஸ்ட்ரெய்ட் இருந்தால் செக். வெறும் ஏஸ் இருந்தால் காபி குடியுங்கள்.

பெரியவர்கள் ஆடியபோது

2009 நவம்பரில் ஃபுல் டில்ட் தளத்தில் பாட்ரிக் ஆன்டோனியஸும், அப்போது இசில்டுர்1 என்ற முகமூடிப் பெயரில் ஆடிய விக்டர் ப்ளோமும் ஆடிய ஒரு கை, 13 லட்சத்து 56 ஆயிரம் டாலருக்கு மேல் போய், இணையத்தில் அதுவரை ஆடப்பட்டதிலேயே பெரிய பாட் ஆனது. ஆன்டோனியஸ் கையில் ஏஸ், இரண்டு ராஜா, 3. ப்ளோம் கையில் 9, 8, 7, 6. ஃப்ளாப்புக்கு முன்பே மாறி மாறி ஏற்றியிருந்தார்கள். ஃப்ளாப் 5, 4, 2. ஆன்டோனியஸுக்கு ஏஸ் முதல் 5 வரை ஸ்ட்ரெய்ட் கிடைத்துவிட்டது. எல்லாப் பணமும் அங்கேயே உள்ளே போனது.

பார்ப்பவர்களுக்கு ஆன்டோனியஸ் ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருக்கும். எண்ணுங்கள். ப்ளோமுக்கு 3 வந்தாலும், 6, 7, 8 எது வந்தாலும் மேலான ஸ்ட்ரெய்ட். ஒவ்வொன்றிலும் மூன்று மிச்சம், மொத்தம் 12. மீதியிருக்கும் 41 சீட்டில் இரண்டு தடவையும் அந்த 12 வராமலிருக்க 41-க்கு 29, பிறகு 40-க்கு 28. பெருக்கினால் 49.5. கையில் ஸ்ட்ரெய்ட் கட்டி முடித்தவரும், ஒரு ஜோடிகூட இல்லாதவரும் கிட்டத்தட்ட பூவா தலையா! டர்னில் 5, ரிவரில் 9. ஆன்டோனியஸின் ஸ்ட்ரெய்ட் தப்பியது.

நான் இதில் கவனிப்பது முடிவை அல்ல. நடுவில் அவ்வளவு கிடக்கும்போது ஆன்டோனியஸுக்குத் தவறாகப் போக வழியே இல்லை. ஃப்ளாப்பிலேயே எல்லாம் முடிந்தது. அதே ஸ்ட்ரெய்ட்டை வைத்துக்கொண்டு, சின்ன பாட்டில், மூன்று சுற்றும் முதலில் பேசும் நிலை என்றால் டர்னில் ஒரு 7 விழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள்.

மேசைக்கு வெளியே

உட்காரும்போதே பாதி வேலை முடிகிறது. பணம் கடிகாரச் சுற்றில் நகர்கிறது என்பார்கள், அதாவது வலப்பக்கத்து ஆளிடமிருந்து உங்களுக்கு வரும். நிறையக் கை ஆடி நிறைய ஏற்றுகிற ஆள் எவரோ அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால், பெரும்பாலான கைகளில் அவர் பேசிய பிறகே நீங்கள் பேசுவீர்கள். மேலாளரிடம் கதிரை மாற்றக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். காலியானதும் எனக்கு என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வென்றது, தோற்றது மட்டும் எழுதினால் அது ஜாதகக் குறிப்பு. பெரிய பாட் ஒவ்வொன்றுக்கும் எந்தக் கதிரை, எத்தனை பேர், காப்பீடு இருந்ததா, எந்தச் சுற்றில் பணம் போனது என்று நாலு கட்டம் போதும். முதல் மூன்று மாத நோட்டை விரித்தபோது என்னுடைய பெரிய நஷ்டங்களில் முக்கால்வாசிக்கு மேல் இரண்டு பிளைண்டிலேயே இருந்தன. பிளைண்டில் சிறிது நஷ்டம் எல்லோருக்கும் உண்டு, அது கட்டாயக் கட்டணம். என்னுடையது கட்டணமாக இல்லை, கந்துவட்டியாக இருந்தது.

தொழிலாகப் பார்ப்பவர்கள் கணக்கை இரண்டாகப் பிரிக்காமல் ஒரு நாள்கூட ஆடக்கூடாது. ஆடும் பணம் தனி, வீட்டுப் பணம் தனி. ஓமஹாவில் முன்னிலைகள் மெலிந்தவை, 60-க்கு 40 என்பதே நல்ல முன்னிலை, ஆகவே ஏற்ற இறக்கம் ஹோல்டெம்மைவிடக் கொடூரம். மேசைக்குக் கொண்டுபோகும் தொகையைப்போல ஐம்பது மடங்காவது ஒதுக்கிவிட்டுத்தான் நான் ஒரு மேசையில் உட்காருவேன், ஆறு மாத வீட்டுச் செலவு அதற்கு வெளியே. பிரிட்டனில் சூதாட்ட வெற்றிக்கு ஆட்டக்காரர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. கேட்க இனிக்கும். ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத ஆளுக்கு வீட்டுக் கடன் எந்த வங்கி கொடுக்கும், வாடகைக்கு வீடு யார் கொடுப்பார்கள் என்பதை நுழையும் முன்பே விசாரித்துவிடுங்கள். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இது திறமை ஆட்டம், அது அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பழைய வாதம் அந்தச் சட்டத்தின் முன் நிற்காது.

நேரக் கட்டுப்பாடும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புதன்கிழமை நான் ஒன்பதாவது மணி நேரத்தில் இருந்தேன். நோட்டில் அதற்கு ஒரு கட்டம் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது.

போன வாரம் அதே மேசை. பிக் பிளைண்டில் ராணி, ஜாக்கி, 10, 4 வந்தது. பட்டன் 7-க்கு ஏற்றினார். இன்னும் 5தான். எதிரே அண்ணை தன் சிப்ஸை அடுக்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். சீட்டை வீசினேன். ஃப்ளாப்பில் 9-8-7 விழுந்தது, மூன்றும் மூன்று சாதி.

அண்ணை சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டார்.